எந்தச் சர்வே எண்?

வீட்டு மனைகளுக்குக் கல் ஊன்றிய பிறகுதான் எங்களுக்குக் கோபம் வந்தது. அதற்கு முந்தைய ஆறு மாதங்களில் சர்வேயர் இரண்டு முறை வந்து அளந்துவிட்டுப் போனார். யார் யாரோ காரை நிறுத்திவிட்டு, காட்டைப் பார்த்துக் கைநீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பொக்லைன் வந்து வரப்புகளைச் சமன் செய்தது. அத்தனையையும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர்கள் நாங்கள். ஒரு நாள் காலையில் 12 ஏக்கரிலும் வெள்ளையடித்த கற்கள் வரிசை கட்டி நின்றன. சாலையோரம் ஒரு வளைவும் வண்ணக் கொடிகளும் முளைத்திருந்தன. அன்றைக்குத்தான் ஊர் விழித்தது.

நான் ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பி அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. முப்பது ஆண்டுகள் அலுவலகத்தில் கடிதம் எழுதியே காலம் தள்ளியவன் என்பதால், மனு எழுதும் வேலை கேட்காமலேயே என் தலையில் வந்து விழுந்தது. எழுதினேன். இப்போது அதன் நகலை எடுத்துப் படித்தால் வெட்கமாக இருக்கிறது. விவசாயம் அழிகிறது, கிராமத்தின் அமைதி குலைகிறது, வருங்காலச் சந்ததி மன்னிக்காது என்று இரண்டு பக்கம். கீழே 212 கையெழுத்துகள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு வேன் பிடித்துப் போய்க் கொடுத்தோம். ஒப்புகைச் சீட்டில் எண் போட்டுத் தந்தார்கள். வெற்றி பெற்றவர்களைப் போலத் திரும்பி வந்தோம்.

அந்த மனு ஆட்சியர் அலுவலகத்திலிருந்து கோட்டாட்சியருக்கு, அங்கிருந்து வட்டாட்சியருக்கு, அவரிடமிருந்து எங்கள் கிராம நிர்வாக அலுவலருக்கு என்று படியிறங்கி வந்து சேர்ந்தது. தினமும் பார்த்து வணக்கம் சொல்கிற மனிதரிடமே அறுபது கிலோமீட்டர் சுற்றி எங்கள் மனு வந்திருந்தது. அவர் அதை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்: “எல்லாம் சரி ஐயா. எந்தச் சர்வே எண்? அதில் என்ன ஆட்சேபம்? பட்டா நிலத்தை அவர் விற்றிருக்கிறார், இவர் வாங்கியிருக்கிறார். நான் என்னவென்று அறிக்கை எழுதுவது?”

எங்களோடு வந்திருந்த எட்டுப் பேரில் ஒருவருக்கும் சர்வே எண் தெரியாது. ‘மேலக்காடு’ என்றுதான் தெரியும். அதை எந்தப் பதிவேட்டிலும் அப்படி எழுதி வைத்திருக்கவில்லை.

எதிர்ப்பு வேறு, ஆட்சேபம் வேறு என்பது அந்த மேசைக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. எதிர்ப்பைத் தெருவில் காட்டலாம், பத்திரிகையில் காட்டலாம், தேர்தலில் காட்டலாம். ஆட்சேபம் என்பது ஒரு கோப்புக்குள் போய் உட்கார வேண்டிய காகிதம். அதில் சர்வே எண் வேண்டும், அளவு வேண்டும், எந்த விதி என்று வேண்டும், என்ன செய்யச் சொல்கிறோம் என்றும் வேண்டும். எங்கள் இரண்டு பக்க மனுவில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை.

பிறகு செய்த முதல் வேலை, ஆவணங்களைச் சேர்த்தது. அ-பதிவேட்டுப் பகுதியையும், ஒவ்வொரு சர்வே எண்ணுக்குமான அளவுப் படமான புலப்படத்தையும் இணையத்திலேயே எடுத்துவிடலாம். இதற்கு யார் தயவும் தேவையில்லை. முழுக் கிராம வரைபடத்தைத் தனியாக வாங்கினோம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு ஒரு மதியம் போதும். அ-பதிவேட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் நேராக அது நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா, புறம்போக்கு என்றால் வாய்க்காலா, வண்டிப்பாதையா, மேய்ச்சல் நிலமா என்று எழுதியிருக்கும். மனை போட்ட நிலத்தின் எண்களை வரிசையாகக் குறித்துக்கொண்டு வந்தபோது நடுவில் ஓர் எண் மட்டும் வேறு நிறமாக நின்றது. வாய்க்கால் புறம்போக்கு. மேற்கிலிருந்து வந்து, 12 ஏக்கரையும் குறுக்கே வெட்டிக்கொண்டு, கிழக்கே எங்கள் ஏரிக்குப் போகிற ஒரு கோடு.

அந்தக் கோட்டைத் தரையில் தேடிப் போனதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புலப்படத்தின் நகலை நெகிழிப் பைக்குள் போட்டுக்கொண்டு, மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றோடு மூன்று பேர் கிளம்பினோம். அந்தக் காட்டில் ஐம்பது வருடம் ஏர் ஓட்டிய பெரியவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டோம். பொக்லைன் எல்லாவற்றையும் மேவிவிட்டிருந்தது. எங்கே பார்த்தாலும் ஒரே செம்மண். பெரியவர் படத்தைப் பார்க்கவே இல்லை. மண்ணைக் காலால் நெருடிக்கொண்டே போனவர் ஓர் இடத்தில் நின்று, “இங்கே மண் குளிர்கிறது பார்” என்றார். குனிந்து தொட்டால் மேல்மண்ணுக்குக் கீழே வண்டல். இரண்டடி தள்ளிச் சரளை. வண்டல் போன வழியே நடந்தோம். கடைசியில், பொக்லைன் எட்டாத வேலியோரத்தில், பழைய கருங்கல் மடை ஒன்று எருக்கம் புதருக்குள் பாதி புதைந்து கிடந்தது. அங்கிருந்து கயிறு பிடித்து அளந்தோம். புலப்படத்தில் வாய்க்காலின் அகலம் எங்கே எவ்வளவு என்று மீட்டரில் போட்டிருக்கிறது. மனை எண் 41, 42, 57 என்று வெள்ளைக் கற்கள் நின்ற இடம் முழுக்க வாய்க்காலுக்குள் இருந்தது. மாலைக்குள் இருபது புகைப்படங்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் எந்தக் கல், எந்தத் திசை என்ற குறிப்பு.

வீட்டுக்கு வந்து ஒரு கணக்கும் போட்டேன். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் (ஐப்பசி, கார்த்திகையில் இது அதிசயமில்லை) ஒரு ஏக்கரில் விழுவது நான்கு லட்சம் லிட்டருக்கு மேல். 12 ஏக்கருக்கு ஏறத்தாழ 48 லட்சம் லிட்டர். காடாக இருந்தவரை பாதிக்கு மேல் மண் குடித்துக்கொண்டது. மீதி வாய்க்காலில் போனது. தாரும் கான்கிரீட்டும் போட்ட பிறகு மண் குடிக்காது, வாய்க்காலும் இருக்காது. தண்ணீர் தாழ்ந்த பக்கம் பார்த்துத்தான் போகும். தாழ்ந்த பக்கம் பள்ளிக்கூடம். ‘வருங்காலச் சந்ததி மன்னிக்காது’ என்ற வரியை விட இந்த நான்கு வரிக் கணக்குக்குக் கிடைத்த மரியாதையே வேறு. கேட்ட அதிகாரி தன் கைப்பேசியில் பெருக்கிப் பார்த்தார்.

அடுத்து தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2005 முதல் இருக்கிற சட்டம்தான், ஆனால் கேட்கத் தெரியாமல் கேட்டுவிட்டு ஒன்றும் வரவில்லை என்று அலுத்துக்கொள்பவர்களே அதிகம். நானும் முதல் முறை அப்படித்தான். “எதன் அடிப்படையில் அனுமதி அளிக்கப்பட்டது? இது நியாயமா?” என்று கேட்டிருந்தேன். கேள்வி கேட்பது தகவல் கோருவது ஆகாது என்று பதில் வந்தது. இரண்டாவது முறை நகல்களை மட்டும் கேட்டேன்: இன்ன சர்வே எண்களுக்கான மனைப்பிரிவு விண்ணப்பத்தின் நகல், உத்தேச வரைபடத்தின் நகல், தல ஆய்வுக் குறிப்பின் நகல், பிற துறைகளிடம் கருத்து கேட்ட கடிதங்களின் நகல். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை. சட்டப்படி 30 நாள். எனக்கு 30 நாளில் பாதிதான் வந்தது. மேல்முறையீடு போட்ட பிறகு மீதியும் வந்தது. ஊராட்சிக்கு ஒன்று, வட்டாட்சியருக்கு ஒன்று, நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு ஒன்று என்று மூன்று இடங்களுக்கும் தனித்தனியாகப் போடுவது நல்லது. ஒருவர் மறைப்பது இன்னொருவரின் கோப்பில் இருக்கும்.

வரைபடம் கைக்கு வந்ததும்தான் எங்கள் பயத்தில் பாதி தவறு, மீதி குறைவு என்று தெரிந்தது. ஊரில் எல்லோரும் அலறியது ‘ஆயிரம் வீடு வருகிறது’ என்று. வரைபடத்தில் இருந்தது நூற்றுச்சொச்சம் மனை. ஆனால் யாரும் பேசாத ஒரு விஷயம் அதில் இருந்தது: சாலை முகப்பில் ஒரு பெரிய துண்டு வணிகப் பயன்பாட்டுக்கு. அங்கே வரப்போவது சரக்குக் கிடங்கு. அதன் லாரி வாசல் நெடுஞ்சாலைப் பக்கம் இல்லை, பள்ளிக்கூடச் சந்துப் பக்கம்.

இங்கே சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன்படி விவசாய நிலத்தை நினைத்தபடி மனையாக்கிவிட முடியாது. வகைமாற்றத்துக்கு அனுமதி வேண்டும். நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரின் கருத்தையும் கேட்டாக வேண்டும். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம் தொழில்நுட்ப ஒப்புதல் தரும்; இறுதி அனுமதி உள்ளாட்சியின் கையில். உள்சாலைகளையும், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவாக இருந்தால் சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதத் திறந்தவெளியையும், ஊராட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதித்தர வேண்டும். அனுமதியில்லாத மனையை விற்றுவிட்டுப் போவதும் இப்போது எளிதில்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய பத்திரப் பதிவுகளுக்குத் தடை விதித்தது. அனுமதியில்லா மனைகளை முறைப்படுத்தப் பிறகு வந்த வரன்முறைத் திட்டமும் 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்பனையான மனைகளை வைத்துத்தான். ஆக, மனை போடுபவருக்கு அனுமதி அவசியம். அவர் நம்மோடு உட்கார்ந்து பேசுவது நல்ல மனதால் அல்ல, இதனால்தான். கல் ஊன்றி, கொடி கட்டி, முன்பணம் வாங்கினாலும், இறுதி அனுமதி கையில் இல்லாதவரை கதவு மூடவில்லை என்று பொருள். எங்களுடையதில் இறுதி அனுமதி இன்னும் ஆகவில்லை. அது எங்கள் சாமர்த்தியம் இல்லை, அதிர்ஷ்டம்.

கிராம சபையைப் பற்றியும் ஒரு மயக்கம் இருக்கிறது. தீர்மானம் போட்டுவிட்டால் திட்டம் நின்றுவிடும் என்று இளைஞர்கள் நம்பினார்கள். 2013-இல் ஒடிசாவின் நியம்கிரியில் 12 கிராம சபைகள் கூடி பாக்சைட் சுரங்கத்தை நிராகரித்ததை யாரோ எடுத்துச் சொன்னார்கள். அது வன உரிமைச் சட்டத்தின் கீழ் உச்ச நீதிமன்றம் சொல்லி நடந்தது. பட்டா நிலத்தில் மனை போடுவதைத் தடுக்கும் அதிகாரம் நம் கிராம சபைக்கு அப்படி எழுதிவைக்கப்படவில்லை. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் எத்தனை கிராம சபைத் தீர்மானங்கள் போட்டார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதற்காகத் தீர்மானம் வீண் என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஊர் மக்கள்தொகைக்குக் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது வர வேண்டியவர்கள், 100 பேர். அக்டோபர் 2 அன்று அதைவிட அதிகம் பேர் வந்தார்கள். ‘மனைப்பிரிவு வேண்டாம்’ என்று நாங்கள் தீர்மானம் போடவில்லை. ‘இன்ன சர்வே எண்ணில் உள்ள வாய்க்கால் புறம்போக்கை அளந்து எல்லைக்கல் நட்டு மீட்காதவரை, இந்த ஊராட்சி தானப் பத்திரத்தை ஏற்கவோ இறுதி அனுமதி வழங்கவோ கூடாது’ என்று போட்டோம். தலைவர் அந்த வரியைக் கேட்டதும் கொஞ்சம் நெளிந்தார். தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தாகும்வரை யாரும் நகரவில்லை. எழுதிய பக்கத்தை அங்கேயே படமும் எடுத்துக்கொண்டோம். கூட்டம் கலைந்த பிறகு எழுதப்படும் தீர்மானம் நாம் பேசிய தீர்மானமாக இருப்பதில்லை.

இனி கசப்பான பகுதி.

அந்த நிலத்தில் ஐந்து ஏக்கர் என் சித்தப்பாவுடையது. ஊரே அவரைத் துரோகி போலப் பார்த்தது. நானும் மூன்று மாதம் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. கடைசியில் அவரே வந்தார். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “ஏன்டா, கிணறு வற்றி நாலு வருடம். ஆள் கிடைக்காமல் கடலைச்செடி காட்டிலேயே காய்ந்தது. அப்போது ஒருவனும் மனு எழுதவில்லை. விற்கப்போகிறேன் என்று உன்னிடம்தானே முதலில் சொன்னேன், நீ வாங்கியிருக்கலாமே” என்றார். என்னிடம் பதில் இல்லை. இருந்த பணத்தில் நான் நகரத்தில் ஒரு வீடு வாங்கியிருந்தேன், அதுவும் ஒரு காலத்தில் யாருடைய வயலாகவோ இருந்த இடத்தில்.

இரண்டாவது கசப்பு கையெழுத்துத் தாளில் இருந்தது. 212 பேரையும் நேரில் பார்த்துப் பேசியபோது, சிலர் எதற்குக் கையெழுத்துப் போட்டார்கள் என்று தெரிந்தது. “மனை வந்தால் யார் யாரோ வாங்குவார்கள், யார் என்று கேட்டா விற்பான்?” என்றார் ஒருவர். தண்ணீரைப் பற்றியோ விவசாயத்தைப் பற்றியோ அவருக்குக் கவலையில்லை. காலனிக்காரர்கள் தெருவுக்குள் மனை வாங்கிவிடுவார்கள் என்பதுதான் அவர் ஆட்சேபம். அப்படி ஏழெட்டுப் பேர். அதே நேரத்தில் காலனியில் ஒரே வீட்டில் மூன்று அண்ணன் தம்பிகள் குடும்பத்தோடு நெருக்கியடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஊருக்கு அருகில் பட்டாவோடு ஒரு மனை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நாங்கள் யாரும் கேட்கவே இல்லை. அந்த மனுவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினோம். கையெழுத்து 60 ஆகக் குறைந்தது. அந்த அறுபதில் காலனிக்காரர்கள் இருபது பேர் இருந்தார்கள், ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் நின்றால் முதலில் பாதிக்கப்படுவது அவர்கள் பிள்ளைகள். குறைந்த கையெழுத்தோடு போன மனுவுக்குத்தான் அளவீட்டு உத்தரவு வந்தது.

கிடங்கு விஷயத்தில் எங்களுக்கு உதவியது கணக்குப் புத்தகம். மூன்று வேலை நாள், காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை, சந்து முனையில் இரண்டு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதினோம்: நடந்து போகும் குழந்தைகள் எத்தனை, சைக்கிள் எத்தனை, பள்ளி வேன் எத்தனை. சந்தின் அகலத்தை மூன்று இடங்களில் அளந்தோம். குறுகலான இடத்தில் மதிலுக்கும் மதிலுக்கும் நடுவே 3.6 மீட்டர். ஒரு லாரியின் உடல் அகலமே இரண்டரை மீட்டர் வரும். மீதி இருக்கிற ஒரு மீட்டர்ச் சொச்சத்தில் புத்தகப் பையோடு ஒரு குழந்தை எங்கே ஒதுங்கும் என்று படம் வரைந்து காட்டினான் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். அந்தப் படம் கோப்பில் இன்றும் இருக்கிறது. ‘கிடங்கு வேண்டாம்’ என்று எங்கேயும் எழுதவில்லை, ‘லாரி வாசலை நெடுஞ்சாலைப் பக்கம் மாற்ற வேண்டும்’ என்று மட்டும் எழுதினோம்.

பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் ஏன் நடத்தவில்லை என்று சிலர் கேட்டார்கள். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், கட்டுமானத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதியே 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பிலிருந்துதான் தொடங்குகிறது. அவற்றுக்குக் கருத்துக்கேட்பிலிருந்தும் விலக்கு உண்டு. அதாவது ஊருக்குள் வரும் பெரும்பாலான மனைப்பிரிவுகளுக்கும் கிடங்குகளுக்கும் யாரும் மேடை போட்டு நம்மைக் கூப்பிட மாட்டார்கள். நாமே போய்க் கதவைத் தட்ட வேண்டும். இதைத் தெரியாமல் அழைப்புக்காகக் காத்திருந்து காலத்தைக் கோட்டைவிட்ட ஊர் ஒன்று எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

அளவீடு நடந்த அன்று மனை நிறுவனத்தின் மேலாளரும் வந்திருந்தார். சர்வேயர் எல்லை காட்டியதும் அவர் சண்டை போடவில்லை. வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, “இதை முதலிலேயே சொல்லியிருந்தால் கல் செலவாவது மிச்சமாகியிருக்கும்” என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தாலும் அதில் உண்மை இல்லாமல் இல்லை. முதல் மனுவை எழுதிய வாரத்திலேயே இதைச் செய்திருக்கலாம். பொது நிலங்களைத் தனியார் வளைப்பது பற்றி 2011-இல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் சொன்னதையும் மனுவில் ஒரு வரி சேர்த்திருந்தேன். வட்டாட்சியர் அந்த வரிக்கு மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்ததாக அலுவலகத்தில் சொன்னார்கள்.

கிடைத்தது இவ்வளவுதான்: வாய்க்கால் மூடாமல் திறந்தபடி விடப்பட்டது, உள்சாலை கடக்கும் இடத்தில் சிறு பாலம் கட்டினார்கள், 17 மனைகள் வரைபடத்திலிருந்து போயின, பூங்காவுக்கென்று மூலையில் ஒதுக்கியிருந்த கல்லாங்குழிக்குப் பதிலாக வாய்க்காலை ஒட்டிய நிலம் வந்தது. கிடங்கின் வாசல் நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பியது. கிடைக்காதது: கிடங்கு வந்துவிட்டது, அதன் கோபுர விளக்கு விடிய விடிய எரிகிறது, மேலக்காட்டில் இனி கடலை இல்லை. மயில்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. திட்டமே கூடாது என்று நின்ற நான்கைந்து பேர் நான் விலைபோய்விட்டதாக இன்றும் சொல்கிறார்கள். அவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது என்று எனக்கே சில இரவுகளில் தோன்றும், குறிப்பாக அந்த விளக்கு என் ஜன்னலில் விழும்போது.

முதல் ஐப்பசி மழைக்கு நாங்கள் ஏழெட்டுப் பேர் குடையோடு போய்ப் பாலத்தில் நின்றோம். நுரைத்துக்கொண்டு செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. பாலத்தின் கண் சிறிதாகிவிட்டதோ என்று பெரியவர் சந்தேகப்பட்டார். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, “போகிறது, போகிறது” என்றபடி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

போன வாரம் சித்தப்பா வந்திருந்தார். விளக்கு வெளிச்சத்தில் மாடு படுக்க மாட்டேன் என்கிறதாம், அவர் மீதம் வைத்திருக்கும் ஒரு ஏக்கரில் பூச்சியாக மொய்க்கிறதாம். “ஒரு மனு எழுதிக் கொடுடா” என்றார். தாளையும் பேனாவையும் எடுத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். தன் நிலத்தின் சர்வே எண், கிடங்கின் சர்வே எண், விளக்குக் கம்பத்திலிருந்து வரப்புக்கு 84 மீட்டர்.

“காலடியால் அளந்தாயா?” என்று கேட்டேன்.

“கயிற்றால்” என்றார்.